இருப்பவர்களுக்காக ஒரு வீடு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். உணவைச் சுவைபடச் சமைக்கக் கற்றோம்; உடையை அழகுபட உடுத்தக் கற்றோம். ஆனால் இருக்கும் வீட்டை வசதியாகவும் அழகாகவும் அமைத்துக்கொள்ளக் கற்றோமா என்று கேட்டால், பலர் தலை கவிழத்தான் வேண்டும். "வீட்டு அலங்காரமா? அது பணக்காரர்கள் சமாச்சாரம்!" என்று கூறிவிட்டு நகர்ந்து விடுகிறோம். அல்லது கடன் பட்டாவது கடைவீதியில் கண்ட பொருள்களை வாங்கி வந்து அறையை நிரப்பி விடுகிறோம். இவ்விரண்டுமே சரியான வழி அல்ல என்பதையும், அழகிய வீட்டுக்கு வேண்டிய எண்ணங்கள் நம்மைச் சுற்றியுள்ள குடும்ப வீடுகளிலேயே கிடைக்கின்றன என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் நம் கல்லூரியில் வரலாறு பயிலும் மூன்றாமாண்டு மாணவன். ஊர் திருச்சி பாலக்கரை. என் தந்தையார் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிக்கும் தொழிலாளி. பொங்கல் நெருங்கும் மார்கழி மாதத்திலும், கோடை விடுமுறையிலும் நானும் அவருடன் வேலைக்குச் செல்வேன். உப்புத்தாள் தேய்ப்பதும், பட்டி பார்ப்பதும், சாரத்தில் ஏறி நின்று கூரையோரம் பிரஷ் இழுப்பதும் எனக்குப் பழக்கமான வேலைகள். விருந்தாளி வீட்டின் முன்னறையை மட்டும் பார்க்கிறான். வெள்ளையடிக்க வருபவனோ பரண் முதல் கொல்லைப்புறம் வரை யாவற்றையும் பார்க்கிறான். பீரோவை நகர்த்தினால் பின்னால் இருக்கும் ஓதமும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அவ்வாறு பாலக்கரையிலும், திருவரங்கத்திலும், உறையூரிலும், பொன்மலையிலும் நான் கண்ட வீடுகளே எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தன.

திருவரங்கத்து வீடு

திருவரங்கம் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகளாக இருப்பதை யாவரும் அறிவர். உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பழைய அமைப்பு மாறாத வீடுகள் இன்றும் சில உள்ளன. வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு கூடம், கூடத்தையொட்டி வானம் பார்த்த முற்றம், அதற்குப் பின் சமையலறை, கடைசியில் கொல்லை என்று இவை ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். வீட்டின் அகலம் குறைவு. நீளமோ ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை செல்லும்.

இந்த அமைப்பின் அழகு அதன் பயனில் இருக்கிறது. முற்றத்தில் வெயில் பட்டுச் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிழலில் குளிர்ந்திருக்கும் காற்று திண்ணைப் பக்கத்திலிருந்தும் கொல்லைப் பக்கத்திலிருந்தும் உள்ளே வருகிறது. மின்விசிறி வருவதற்கு முன்பே நம் முன்னோர் வீட்டுக்குள் காற்றை நடக்க வைத்த முறை இது. மழைநீரும் வெளிச்சமும் அதே முற்றத்தின் வழியாகவே வந்தன. கூடத்தில் ஓர் ஊஞ்சல் தொங்கும். அது பகலில் நாற்காலி, இரவில் கட்டில், விழா நாளில் மணமக்கள் அமரும் ஆசனம். ஒரே பொருள் மூன்று வேலை செய்கிறது. நான்கு கால்கள் இல்லாததால் அதன் அடியில் பெருக்குவதும் எளிது!

கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய மச்சில், தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை இட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இதன் கனம் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. இன்றைய மெல்லிய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை நம் தலைமேல் இறக்குகிறது.

பாலக்கரை வீடு

எல்லோருக்கும் முற்றம் வைத்த வீடு கிடைத்து விடுமா? கிடைக்காது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் எங்கள் பகுதியில், ஒரு பொதுவாசலுக்குள் வரிசையாக அமைந்த ஒண்டுக்குடித்தனங்கள் ஏராளம். இவற்றை 'ஸ்டோர்' என்று சொல்வது வழக்கம். ஒரு முன்னறை, ஒரு நடை, ஒரு சமையலறை, பொதுவான குழாயடி. இந்த வீடுகளிலும் நான் கண்ட அழகுகள் பல.

பாலக்கரையில் சகாய மாதா பசிலிக்காவின் கோபுரம் தெரியும் தூரத்தில் கிறித்தவர், இசுலாமியர், இந்துக்கள் ஆகிய மூவரும் சுவருக்குச் சுவர் அண்டி வாழ்கின்றனர். கிறித்துமசுக்கு முன் ஒரு வீட்டில் சுண்ணாம்பு அடிப்போம். ரமலானுக்கு முன் அடுத்த வீட்டில் அடிப்போம். பொங்கலுக்கு முன் மற்றொரு வீட்டில் அடிப்போம். மூன்று வீட்டிலும் அலங்காரம் வேறுபட்டாலும் அதன் இலக்கணம் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தேன்.

கிறித்தவ நண்பர் ஒருவர் வீட்டில் அறையின் ஒரே ஒரு மூலையைக் குடிலுக்கென்று ஒதுக்குகிறார்கள். வைக்கோலும் களிமண் பொம்மைகளும் ஒரு சிறு விளக்கும்தான் அங்கே இருக்கும். ஆனால் அறைக்குள் நுழைபவர் கண் நேரே அங்குதான் செல்லும். இசுலாமிய நண்பர் வீட்டிலோ முன்னறையில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தூய தரையும் விரித்த பாயும் சுவரில் ஒரே ஒரு எழுத்தணியும் இருக்கும். நோன்பு திறக்கும் வேளையில் அதே அறையில் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து உண்ண முடிகிறது. நவராத்திரியில் கொலு வைக்கும் வீட்டிலோ, டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் படிகள் தயார். சிறிய பொம்மையும் மறையாமல் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவை படிப்படியாக உயர்கின்றன. நம் புத்தக அலமாரிக்கும் அடுக்களைத் தட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

இம்மூன்று வீடுகளும் சொல்வது என்ன? ஓர் அறையில் கண் தங்குவதற்கு ஓரிடம் போதும். மற்ற இடம் மனிதர்களுக்கு. இதுவே நான் கற்ற முதற்பாடம்.

உலகம் போற்றியவர்கள் கண்ட வழி

இது ஏழைகள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் பேச்சு என்று எண்ண வேண்டா. உலகம் போற்றும் கட்டடக் கலைஞர்களும் இதே வீடுகளில்தான் பாடம் கற்றனர்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர் லாரி பேக்கர். 1990ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் கட்டிய வீடுகளில் செங்கல் செங்கல்லாகவே தெரியும், பூச்சு இராது. சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுச் சல்லடைச் சுவர் எழுப்புவார். காற்று வரும், வெளிச்சம் வரும், அந்நியர் பார்வை வராது. தரையில் நிழலும் ஒளியும் கோலம் போட்டதுபோல் விழும். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

நம் அண்டை நாடான இலங்கையில் ஜெஃப்ரி பாவா என்னும் கலைஞர் (1919-2003) இருந்தார். கொழும்பு நகரின் நெருக்கமான மனை ஒன்றில் 1960களின் தொடக்கத்தில் அவர் ஏனா டி சில்வா என்பவருக்காகக் கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தது. மேல்நாட்டுப் பங்களா மோகம் மிகுந்திருந்த அக்காலத்தில், நகரத்துச் சிறு மனைக்குப் பழைய முற்றமே சிறந்த விடை என்று அவர் காட்டினார். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பாவா கொழும்பில் தமக்கென அமைத்துக்கொண்ட வீடு புதிதாகக் கட்டப்பட்டதன்று. ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, இணைத்து, இடையிடையே வானம் தெரியும் சிறு முற்றங்களை விட்டு உருவாக்கியது அது. அதாவது, எங்கள் பாலக்கரை ஸ்டோர் போன்ற ஒரு வரிசையிலிருந்துதான் அந்தப் புகழ் பெற்ற வீடு பிறந்தது!

தமிழ்நாட்டு வீடுகளைக் காண விரும்பும் நண்பர்கள் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செல்லலாம். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் அங்குண்டு. நெசவாளர் வீடும் உண்டு. செல்வர் வீட்டையும் தொழிலாளி வீட்டையும் அருகருகே காணும்போது, இரண்டிலும் திண்ணையும் நிழலும் பொதுவாக இருப்பது விளங்கும்.

ஒரு கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. அதில் கடைகளில் விற்கும் சோபா செட் ஒன்றைப் போடுகிறோம். மூவர் அமரும் நீண்ட இருக்கை ஆறரை அடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்டது. அது சுமார் 20 சதுர அடி. ஒருவர் அமரும் இருக்கைகள் இரண்டு. அவை 18 சதுர அடி. நடுவில் டீப்பாய்க்கு எட்டு சதுர அடி. ஆக 46 சதுர அடி போயிற்று. அறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடத்தை ஐந்து பேர் அமரும் இருக்கை பிடித்துக்கொள்கிறது. இரவில் ஐந்து பேர் படுக்க இடம் எங்கே?

இது கற்பனைக் கணக்கன்று. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக வாரத் தவணைக் கடனில் சோபா செட் வாங்கினார்கள். அதற்கு இடம் வேண்டுமே! வீட்டுப் பாட்டியின் கயிற்றுக்கட்டில் நடைக்கு மாறியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனின் புத்தகங்கள் பரணுக்கு ஏறின. வந்தவர்கள் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுச் சென்றார்கள். தவணையோ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. நாங்கள் வெள்ளையடிக்கச் சென்றபோது, அந்த சோபாவின் மேல் துணிமூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. பையன் வாசற்படியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

வீடு யாருக்காக? வருபவர்களுக்காகவா, இருப்பவர்களுக்காகவா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் அலங்காரத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் துணிபு.

எங்கள் வீட்டில் செய்தது

என் வீட்டில் அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, நான் என ஐவர். மேலே சொன்ன அதே பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் எங்களுடையதும். அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தபோது, உறவினர்கள் எங்களுக்கும் சோபா யோசனையைச் சொன்னார்கள். அப்பா, "ஊர் வீட்டையெல்லாம் சரிபண்ற எனக்கு என் வீட்டைச் சரிபண்ணத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐவரும் அமர்ந்து பேசினோம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியது என்ன என்று ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அப்பாயி, காலை நீட்டி அமர்ந்து தெருவைப் பார்க்க ஓரிடம் கேட்டார். அம்மா, மதியம் சூடு இறங்காமல் இருந்தால் போதும் என்றார். அக்கா, தன் துணிகளையும் சான்றிதழ்களையும் பூட்டி வைக்க ஓரிடம் கேட்டாள். நான் படிக்க ஒரு மேசை கேட்டேன். அப்பா, வேலை முடிந்து வந்தால் கண்ணுக்கு அமைதியாக ஒரு சுவர் வேண்டும் என்றார்.

முதலில் பொருள்களைச் சேர்க்கவில்லை, கழித்தோம். உடைந்த மிக்சி, மூன்று ஆண்டுக் காலண்டர்கள், காலியான பெயின்ட் வாளிகள் ஆகியவை பழைய சாமான்காரரிடம் போயின. பின்னர் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மொட்டை மாடித் தளத்தைக் கழுவிக் காயவைத்து, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தோம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டு இதற்கெனக் 'குளிர் கூரைக் கொள்கை' ஒன்றையே வெளியிட்டது. சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் எங்கள் மாடியில் நிற்க முடிந்ததைப் பார்த்துப் பக்கத்துக் குடித்தனக்காரர்களும் கூலி பேசாமலேயே சுண்ணாம்பு வாங்கி வந்துவிட்டனர்.

சன்னலுக்குக் கீழே இரண்டு டிரங்குப் பெட்டிகளைச் சேர்த்து வைத்து, மேலே பலகையிட்டு, பழைய மெத்தையை மடித்துத் தைத்து விரித்தோம். அப்பாயிக்கு இருக்கை ஆயிற்று. உள்ளே அக்காவின் பூட்டும் பெட்டி. சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினோம். விரித்தால் என் மேசை, மடக்கினால் சுவர். வந்தவர்கள் அமரப் பவானி ஜமக்காளம் ஒன்று விரித்தோம். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஜமக்காளத்தின் பட்டை வண்ணங்கள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுப்பாகத் தெரிந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அம்மா போட்ட காப்பியைத்தான் பாராட்டினார்கள். ஆனால் கடன் இல்லாத காரணத்தால், அந்த ஆண்டு அக்கா பி.எட். சேரக் கட்டணம் கட்ட முடிந்தது. என் மடக்குப் பலகையில் அவளும் ஒரு பாதியை எடுத்துக்கொண்டாள்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

என் அனுபவத்திலும் என் தந்தையாரின் முப்பதாண்டு அனுபவத்திலும் கண்ட சில குறிப்புகளைக் கீழே தருகிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, சுவர். சுண்ணாம்பு மலிவானது என்பதற்காக அதை இழிவாக எண்ணக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் கல்லாக இறுகுகிறது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது இடம் கொடுக்கிறது. ஓதம் ஏறிய சுவரில் விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயின்ட் கொப்பளித்து உரியும். ஆகவே முதலில் ஓதத்தின் காரணத்தைக் கண்டு அடைக்க வேண்டும்; பிறகே பெயின்ட். வெள்ளைச் சுண்ணாம்பில் நீலம் கலப்பதேன் என்று பலர் கேட்பதுண்டு. சுண்ணாம்பின் இலேசான மஞ்சளை நீலம் அடித்து விடுவதால், சுவர் மேலும் வெண்மையாகத் தெரிகிறது. சிறிய அறைக்கு வெளிர் நிறமே நல்லது. ஆயினும் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சற்று அடர்ந்த நிறம் அடித்தால் குழந்தைகளின் கைக்கறையும், தலை சாய்க்கும் எண்ணெய்க் கறையும் தெரியா. பழைய வீடுகளில் காவிப் பட்டை அடித்ததன் காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது, தரை. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க மெருகும் ஏறுகிறது. சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய சிமெண்ட் தரையும் அப்படித்தான். தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வந்தால் அது கண்ணாடிபோல் மின்னும். நல்ல பழைய தரையை உடைத்துப் பளபளக்கும் டைல்ஸ் போடுமுன் இரண்டு முறை யோசியுங்கள். ஈரம் பட்டால் அதில் வழுக்கி விழுபவர்கள் வீட்டு முதியவர்கள்தாம்.

மூன்றாவது, காற்றும் வெயிலும். எதிரெதிராகத் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். ஒரே பக்கம் மூன்று சன்னல் இருப்பதைவிட, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இருப்பது மேல். கூரையருகே உள்ள வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள். சூடான காற்று வெளியேறும் வாசல் அதுதான். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவது, திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது போன்றது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வரும் காற்று குளிரும். திருச்சியின் வறண்ட கோடைக்கு இது மிகவும் ஏற்றது.

நான்காவது, படங்கள். ஜப்பானியர் தம் வீட்டு அறையில் 'டோக்கோநோமா' என்ற ஒரு மாடத்தை ஒதுக்கி, அதில் ஓர் ஓவியமும் ஒரு மலர்ச்செண்டும் மட்டும் வைக்கின்றனர். பருவத்துக்கேற்ப அவற்றை மாற்றுகின்றனர். நம் பழைய வீடுகளின் மாடக்குழியும் அதற்குச் சளைத்ததன்று. படங்களைப் பொதுவாக நாம் மிக உயரத்தில் மாட்டிவிடுகிறோம். பாயில் அமர்ந்து பேசும் வீட்டில் கண்மட்டம் தரையிலிருந்து மூன்றடிக்குள்தான் இருக்கும். ஆகவே படத்தைச் சற்றுத் தாழ்த்தி மாட்டினால் தாத்தாவும் பாட்டியும் நம்மோடு அமர்ந்திருப்பதுபோல் தோன்றும்.

ஐந்தாவது, துணி. சுவரின் நிறத்தை ஆண்டுதோறும் மாற்ற முடியாது. துணியை மாற்ற முடியும். எனவே வண்ண ஆசையைத் துணியில் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கரூரின் படுக்கை விரிப்புகளும் மேசை விரிப்புகளும் கடல் கடந்து செல்கின்றன. முசிறியின் கோரைப்பாய் இருக்கிறது. உறையூரின் கைத்தறி நூற்சேலை பழையதானால் அதைவிட மென்மையான திரைச்சீலை வேறில்லை. ஓர் அறையில் இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆறாவது, விளக்கு. கூரையில் ஒரே ஒரு பளிச்சென்ற விளக்கைப் போட்டுவிட்டு, அதன் கீழேயே உண்டு, படித்து, உறங்க முயல்கிறோம். பொதுவுக்கு ஒரு விளக்கு, படிப்பவருக்கு ஒரு சிறு விளக்கு என்று பிரித்தால், ஒருவர் படிக்க மற்றவர் உறங்கலாம். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். எல்.இ.டி. விளக்குகளில் இளமஞ்சள் ஒளி தருவதை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்வது கண்ணுக்கு இதம்.

ஏழாவது, செடி. துளசியும் கற்றாழையும் செம்பருத்தியும் தகர டப்பாவிலும் வளரும். பாட்டிலில் மணிபிளான்ட் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றத் தவறாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அழகுக்கு வைத்த பாட்டில் ஆபத்தாக மாறக்கூடாது அல்லவா?

முடிவுரை

பொன்மலையில் ரயில்வே பணிமனை 1920களின் பிற்பகுதியில் அமைந்தபோது தொழிலாளர்களுக்கென எழுந்த குடியிருப்புகளில், உயர்ந்த கூரையும் முன்தாழ்வாரமும் கண்டு வியந்திருக்கிறேன். செயற்கை வைரம் பட்டை தீட்டும் குடும்பங்களின் சிறு வீடுகளில், வெளிச்சம் நன்றாக விழும் சன்னலோரத்தைத் தொழிலுக்கென்று ஒதுக்கி, மீதியில் குடும்பம் நடத்தும் திறமையையும் கண்டிருக்கிறேன். எந்த வீட்டிலும் அழகு என்பது பொருளின் விலையில் இல்லை. அங்கு வாழ்பவர்களின் தேவையை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதில்தான் இருந்தது.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் சிறிய வீடுகளிலிருந்து வருகிறோம். வீடு சிறியது என்பதற்காக நண்பனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இது. 'எலி வளையானாலும் தனி வளை' என்ற பழமொழியை நினைவில் கொள்ளுங்கள். வரும் போகிப் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறன்று, வீட்டார் அனைவரையும் அமர வைத்து, ஒவ்வொருவருக்கும் வேண்டியது என்ன என்று கேளுங்கள். முதலில் பாட்டியைக் கேளுங்கள். பிறகு கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். ஒரு வாளி சுண்ணாம்பு கரையுங்கள். சாரத்தின் மேல் ஏறத் தயக்கமாக இருந்தால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.